நீளமாக ஊதினால் மீன்பாடு

என் அக்கா புருஷனை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘சங்கு’ என்றால்தான் தெரியும். கரையோர ஐஸ் ஆலையில் இயந்திரம் பார்ப்பதோடு சங்கு ஊதுவதும் அவர் பொறுப்பு. ஊதுவது என்றால் வாயை வைத்து அல்ல, ஆலையின் மாடி அறையில் இருக்கிற சிவப்புக் குமிழை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். “இதுக்கு ஒரு ஆளா அத்தான்?” என்று நானே கேலி செய்திருக்கிறேன். “நீ ஊசில நூல் கோக்கறதுக்கு ஒரு ஆள் இல்லையா மாப்ள?” என்று திருப்பிக் கொடுப்பார். மேட்டுத் தெருவில் எனக்குத் தையல் கடை.

குட்டையாக ஒருமுறை ஊதினால் ஷிப்ட் மாற்றம். இரண்டு முறை என்றால் லாரி வந்துவிட்டது. நீளமாக ஊதினால் படகுகள் நிறைய மீனோடு திரும்புகின்றன, ஐஸ் உடைக்கவும் பெட்டி தூக்கவும் இருக்கிற கையெல்லாம் கரைக்கு வா என்று அர்த்தம். எவ்வளவு நீளமோ அவ்வளவு மீன்பாடு. இது எந்தப் பலகையிலும் எழுதி வைத்ததில்லை. நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் தெரியும்.

ஆலைக்குப் பக்கத்திலேயே அரசாங்கப் பேரிடர் அலுவலகத்தார் சுனாமி அலை எச்சரிக்கைக் கோபுரத்தை நட்டார்கள். சங்கு பற்றித் தெரிந்த மனிதர் என்று அதன் சாவியையும் அத்தான் கையில் கொடுத்தார்கள். தெருவுக்குத் தெரு ஒரு பலகை வைத்தார்கள்: ‘கோபுரச் சங்கு மூன்று நிமிடம் விடாமல் ஒலித்தால் மேட்டுக்குச் செல்லவும். அதுவரை பதற்றம் வேண்டாம்.’ அந்தக் கடைசி வரியை எழுதிய புண்ணியவானை நான் ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும்.

இரண்டாம் வருஷமே உப்புக்காற்றில் கோபுரத்தின் பேட்டரி ஊதிப்போய் வெடித்துவிட்டது. மாதாந்திரப் பதிவேட்டில் அத்தான் ‘வேலை செய்யவில்லை’ என்று எழுதி அனுப்பினார். பதிவேடு போன வேகத்தில் திரும்பி வந்தது. அடித்தல் திருத்தல் கூடாது, அந்தக் கட்டத்தில் ‘சரி’ மட்டுமே வர வேண்டும் என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. போன் போட்டுக் கேட்டார். “பேட்டரிக்கு எழுதியாச்சுங்க. வந்தா சரியாயிடும்ல? அப்ப சரின்னே போடுங்க. இல்லன்னா மேல இருக்கறவங்களுக்கு நாங்க பதில் சொல்லணும்” என்றார் அலுவலகக்காரர்.

அத்தான் ‘சரி’ என்று எழுதினார். அதோடு ஒவ்வொரு மாதமும் பேட்டரி கேட்டுத் தனியாக ஒரு கடிதமும் போட்டார். என் கையெழுத்து கொஞ்சம் பார்க்கிற மாதிரி இருக்கும் என்பதால் எழுதியது நான். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, எங்கள் வீட்டுச் சங்கு அப்படித்தான் ஊதியது. இருபத்தாறு மாதம், இருபத்தாறு ‘சரி’, இருபத்தாறு கடிதம்.

அந்த நாள் காலை பத்து மணி இருக்கும். அக்கா என் கடையில் இருந்தாள். தான் ஐஸ் உடைக்கிற கொட்டகையின் குளிருக்குத் தடித்த நீலத் துணியில் சட்டை கேட்டிருந்தாள். இரண்டு பை வேண்டும், ஒன்று கையுறைக்கு, ஒன்று உளிக்கு. அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது தரை ஆடியது. அலமாரியிலிருந்து நூல்கண்டுகள் உருண்டு விழுந்தன. இருவரும் வாசலுக்கு ஓடிவந்து கீழே கோபுரத்தைப் பார்த்தோம். அது சும்மா நின்றது. தெருவே அதைப் பார்த்தது. பலகைதான் சொல்லியிருக்கிறதே, பதற்றம் வேண்டாம் என்று. அவரவர் வேலைக்குத் திரும்பினோம். நான் குனிந்து நூல்கண்டு பொறுக்கினேன்.

கால் மணி நேரம் கழித்து அலுவலகத்திலிருந்து அத்தானுக்குப் போன் வந்திருக்கிறது. “செய்தி வந்திருக்கு, உடனே கோபுரத்த ஊதுங்க.” அவர் சாவியைப் போட்டுத் திருப்பினார். சத்தமில்லை. இல்லை என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் மூன்று முறை திருப்பியிருக்கிறார். பிறகு ஆலைக்கு ஓடினார். மாடியேறிச் சிவப்புக் குமிழை அழுத்தினார், அழுத்திய கையை எடுக்கவில்லை. மூன்று நிமிடம் விடாமல். கோபுரத்துக்கு என்று போட்ட விதியை அவர் ஆலைச் சங்கில் ஊதினார்.

பதற்றத்தில் இருக்கிற மனிதனுக்கு வேறென்ன தோன்றும்? கையில் இருந்தது அந்த ஒரு சங்குதான். அவரைக் குறை சொல்கிறவன் அன்றைக்கு அந்த மாடியில் நின்று காட்டட்டும்.

என் கடையில் அக்கா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். “டேய், இன்னும் நிறுத்தல பாரு. இவ்ளோ நீளமா ஊதி நான் கேட்டதே இல்ல. இருக்கற படகெல்லாம் நெறஞ்சு வருது போல.”

“காலர் இன்னும் அடிக்கல அக்கா. வெள்ள நூல்ல சும்மா ஓட்டி வெச்சிருக்கேன். கழட்டிக் குடுத்துட்டுப் போ.”

“மீனு என் காலரையா பாக்கப் போவுது? உன் அத்தான் ஒத்த ஆளா திணறுவாரு” என்று சிரித்துக்கொண்டே படியிறங்கி ஓடினாள். என் கவலையெல்லாம் காலரில் இருந்தது. தரை ஆடியதையும் சங்கு ஊதியதையும் சேர்த்துப் பார்க்க என் மர மண்டைக்குத் தோன்றவில்லை.

மாடி ஜன்னலிலிருந்து அத்தான் பார்த்தபோது எல்லாத் தெருக்களிலிருந்தும் ஆட்கள் பெட்டியும் கூடையுமாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். போங்க, மேல போங்க என்று கை வீசினார். அவர்களும் கை வீசினார்கள். சங்குச் சத்தத்தில் அவர் குரல் யாருக்கும் எட்டவில்லை. கத்திச் சொல்லலாம் என்று குமிழிலிருந்து கையை எடுத்தார். சங்கு நின்றதும், தாமதமாகிவிட்டது என்று எல்லோரும் இன்னும் வேகமாக ஓடிவந்தார்கள்.

தண்ணீர் வந்ததை நான் எழுதப் போவதில்லை. நாற்பத்தொரு பேர். ஆலை மாடி காங்கிரீட் என்பதால் அத்தான் பிழைத்தார். பிழைத்தார் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான்.

மூன்றாம் நாள் அக்கா கிடைத்தாள். முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன், உள்ளே போனது அத்தான். வெளியே வந்து, “சட்டையப் பாத்துச் சொல்லிட்டேன்” என்றார்.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். கடிதங்களின் நகலை எடுத்துக்கொண்டு போனேன். “வாங்கிக்கிட்டதுக்கு முத்திரை இருக்கா?” என்று கேட்டார். இல்லை. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். எல்லா மாதமும் சரி. அத்தான் எழுந்து நின்று, “ஐயா, நான் பொய் எழுதினேன். ஆலைச் சங்க ஊதினதும் நான்தான். எம்மேல நடவடிக்கை எடுங்க” என்றார். “உக்காருங்க பெரியவரே. ரெக்கார்டு சுத்தமா இருக்கு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல” என்று அதிகாரி கோப்பை மூடினார். தண்டனையைக்கூட அந்த மனிதருக்குக் கொடுக்க மறுத்துவிட்டார்கள், பாவிகள். அறிக்கையில் மக்கள் கவனக்குறைவாகக் கரையில் கூடியதாக ஒரு வரி இருக்கிறது. இப்போது புதுக் கோபுரம் நிற்கிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதன் பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

அத்தான் ஆலைக்குப் போவதில்லை. பகலெல்லாம் என் கடையில் உட்கார்ந்து பித்தான் தைக்கிறார். போன வாரம் நான் ஒரு சட்டைக்குக் காலர் அடித்து முடித்து, ஓட்டியிருந்த வெள்ளை நூலை உருவிக்கொண்டிருந்தேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்ள, அந்த நீலச் சட்டைய அவகிட்ட எப்பக் குடுத்த?”

இந்தக் கேள்விக்கு மாதக்கணக்காகப் பதில் தயாராக வைத்திருந்தேன். “முந்தின நாளே குடுத்துட்டேன் அத்தான். அன்னிக்கு அவ இந்தப் பக்கமே வரல. காலைலேர்ந்து கரையிலதான் இருந்திருப்பா. நீங்க ஊதறதுக்கு முன்னாடியே.”

அவர் என் விரலில் சுற்றியிருந்த வெள்ளை நூலைப் பார்த்தார். காலர் அடிக்காத சட்டை என் கடை வாசலைத் தாண்டாது என்பது அவருக்குத் தெரியும். அன்றைக்குப் பிணவறைக்குள் போய் அக்காவின் சட்டையில் அந்த நூல் உருவாமல் இருந்ததைப் பார்த்தவரும் அவர் ஒருவர்தான்.

“சரி” என்றார். பதிவேட்டில் இருபத்தாறு மாதம் எழுதினாரே, அதே மாதிரி.