தனா கேட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை

செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலுக்கு என் கைப்பேசியில் தனாவின் பெயர் வந்தது. பத்து மணிக் கூட்டத்துக்கு அறிக்கையின் பிரதிகளை அச்சு எடுத்துக்கொண்டிருந்தேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை. எடுத்த எடுப்பிலேயே, "என்னா தனா, இன்னும் என்ன சொல்லப் போற?" என்று கடித்தேன். அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல் வந்தது. "அக்கா, முரளி பேசுறேன். என் போன்ல உங்க நம்பர் இல்ல, அதான் அவ போன்ல கூப்பிடுறேன். தனா தவறிட்டா அக்கா."

"எந்தத் தனா?" என்று கேட்டேன். நம்புங்கள், அப்படித்தான் கேட்டேன். அவள் கணவர், அவள் கைப்பேசியிலிருந்து, அவள் பெயரைச் சொல்கிறார். நான் எந்தத் தனா என்று கேட்கிறேன். அந்த மனுஷன் பொறுமையாகச் சொன்னார். விடியற்காலையில் குளித்துவிட்டு வந்தவள் தலை வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். முரளி வேலைக்குப் புறப்பட்டுச் சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் நின்றபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மத்தியானம் தம்போயில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம் என்றார். அச்சு இயந்திரம் பாட்டுக்குத் தாள்களைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

தனா என்கிற தனலெட்சுமியை உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்தின் கணக்கெடுப்புக் குழுவோடு அலைந்தவர்களுக்கும், அவள் படிவத்தோடு படியேறிய வீட்டுக்காரர்களுக்கும் நன்றாகவே தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜொகூர் மாநிலத்தின் சிறுதோட்டக்காரர்களுக்கு எந்த உதவியை, யாருக்கு, எங்கே கொடுப்பது என்று திட்டம் எழுதுவது என் வேலை. அந்தத் திட்டத்துக்கு வேண்டிய விவரத்தை வீடு வீடாக, நிலம் நிலமாகப் போய்ச் சேகரித்து வருவது அவள் வேலை. வயதில் என்னைவிட எட்டு வருடம் சின்னவள், பதவியிலும் இரண்டு படி கீழே. இந்த இரண்டையும் நான் அவ்வப்போது அவளுக்கு ஞாபகப்படுத்தியிருக்கிறேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே நாலு போடலாம் போல் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஆட்டுத் திட்டம் ஒன்று வந்தது. ஆடு வளர்க்க விருப்பமா என்று கம்பம் கம்பமாக, ஒரு கிராமம் விடாமல் கேட்டோம். எல்லாரும் ஆமாம் என்றார்கள். எனக்கு ஒரே குஷி, அறிக்கையைப் பாதி எழுதியும் விட்டேன். தனா மட்டும் முகத்தைச் சுளித்தாள். "ஆபீஸ்லேருந்து ஆளு வந்து, அவங்க வீட்டுல உக்காந்து, அவங்க தேத்தண்ணியக் குடிச்சிக்கிட்டு கேட்டா, யாரு லா வேணாம்னு சொல்லுவாங்க? விருப்பத்தக் கேக்காதீங்க அக்கா, நேத்தக் கேளுங்க" என்றாள். அதே வீடுகளுக்குத் திரும்பவும் போனாள். நேற்றுக் காலை ஏழு மணிக்கு வீட்டில் யார் யார் இருந்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். பெரும்பாலான வீடுகளில் அந்த நேரம் எல்லாரும் தொழிற்சாலை பஸ்ஸில் இருந்திருக்கிறார்கள். ஆட்டுக்குப் புல் அறுத்துப் போட ஆளே கிடையாது. ஆள் இருந்த வீடுகளுக்கு மட்டும் ஆடு கொடுங்கள் என்று அறிக்கையை மாற்றி எழுதினேன். அந்த ஆடுகள் பிழைத்தன. மேலிடத்தில் எனக்குப் பாராட்டு. "பாராட்டு உங்களுக்கு, ஆட்டுப் புழுக்க எனக்கா அக்கா?" என்று காலணியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

இன்னொரு சண்டை படிவத்தைப் பற்றியது. கைக்கணினியில் நிரப்பும் புதிய படிவத்தை வடிவமைத்தவள் நான்தான். 'நிலத்தில் வேலை செய்பவர்' என்ற கேள்விக்குக் கீழே 'ஆள் இல்லை' என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். தனா அதை இரண்டாக்கச் சொன்னாள். ஒன்றில் 'இல்லை', இன்னொன்றில் 'பார்க்கவில்லை'. திரையில் இடம் போதாது, எல்லாம் ஒன்றுதான் என்றேன். "எப்படி அக்கா ஒண்ணாகும்? பாக்கலங்கறது வேற, இல்லங்கறது வேற. பாக்கலன்னா தப்பு நம்ம மேல. இல்லன்னா அவங்க மேல" என்றாள். "உனக்கு எல்லாத்துலயும் நொட்டை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு கட்டத்தோடேயே படிவம் போனது.

அந்தப் படிவத்தோடுதான் இந்த வருடம் யோங் பெங் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைச் சிறுதோட்டங்களைக் கணக்கெடுத்தோம். மரங்கள் எல்லாம் கிழடு தட்டிப்போனவை. மறுநடவுக்கு அரசாங்கம் கன்று கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. முந்திய கணக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்ட நிலங்களில் உரிமையாளரே இறங்கி வேலை செய்துகொண்டிருந்தார். இந்த முறை போன இடமெல்லாம் 'ஆள் இல்லை'. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் ஒரு வரைபடம் போட்டேன். சரிவு அவ்வளவு அழகாக இருந்தது. மக்கள் நிலத்தை விட்டுப் போய்விட்டார்கள், கன்று கொடுத்துப் பயனில்லை, நிலங்களைச் சேர்த்து ஒரு பெரிய நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடலாம் என்று பரிந்துரை எழுதினேன். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அது நிறைவேறினால் அந்தக் குடும்பங்களுக்குக் கன்றும் இல்லை, சொந்தமாக நடவும் வழி இல்லை.

முந்திய வியாழக்கிழமை, மதிய உணவு நேரத்தில் தனா அந்த அறிக்கையைப் படித்தாள். நாங்கள் இருவரும் தினமும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. "அக்கா, ஆளே இல்லாத நெலத்துல மட்டைய எப்படி இவ்ளோ ஒழுங்கா அடுக்கி வச்சிருக்காங்க? நான் கண்ணால பாத்தேன். பச்சை மட்டை. வெட்டி ரெண்டு நாளுகூட ஆயிருக்காது" என்றாள். குத்தகைக்காரன் எவனாவது வெட்டியிருப்பான் என்றேன். "அப்படின்னா எவனையாவது நாம பாத்திருக்கணுமே. எங்கயோ இடிக்குது. என்னான்னு எனக்கும் சரியாத் தெரியல. ஒரே ஒரு ஞாயித்துக்கெழம குடுங்க, போய்ப் பாத்துட்டு வந்துடறேன். கூட்டத்த ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லுங்க."

எனக்கு வந்ததே கோபம். மூன்று மாதம் உட்கார்ந்து எழுதிய அறிக்கை. இயக்குநரிடம் போய் என்ன சொல்வது? என் ஆளுக்கு எங்கேயோ இடிக்கிறதாம் என்றா? "நீ எண்ணுற வேலைய மட்டும் பாரு தனா, எழுதுறத நான் பாத்துக்கறேன்" என்றேன். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திறக்காத டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனாள். வெள்ளிக்கிழமை சாப்பிட நான் தனியாகப் போனேன்.

ஞாயிறு சாயங்காலம் அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. நான் கேட்கவில்லை. வேண்டுமென்றே கேட்கவில்லை. மறுநாள் திங்கட்கிழமை காலை, விரல் பதிக்கும் இயந்திரத்தின் முன்னால் வரிசையில் அவள் எனக்கு மூன்று பேர் தள்ளி நின்றாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் கைப்பேசியை எடுத்து, ஏதோ தலைபோகிற செய்தி வந்த மாதிரி அதையே முறைத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனேன். அன்று மதியம் கீழே இறங்கவே இல்லை. மேசையிலேயே இரண்டு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டேன். அதற்கடுத்த காலைதான் முரளியின் அழைப்பு.

இயக்குநரிடம் விஷயத்தைச் சொன்னேன். மலாய்க்காரர், இரக்கமுள்ளவர். "அலமாக்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நீங்கள் அந்த வீட்டுக்குப் போங்கள், அறிக்கையை நானே கூட்டத்தில் வைத்து முடித்துவிடுகிறேன் என்றார். சரி என்று கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிட்டேன். காரில் உட்கார்ந்தேன், சாவியைப் போடக் கை வரவில்லை. அவள் குரலைக் கேட்க வேண்டும் போல் இருந்தது. கேட்பதற்கு என்னிடம் இருந்தது அந்த ஒரே ஒரு செய்திதான். அழுத்தினேன்.

முதலில் காற்று, தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள், அப்புறம் மூச்சு வாங்க அவள். "அக்கா, கோவமா இருக்கீங்கன்னு தெரியும். திட்டாமக் கேளுங்க. நான் யோங் பெங்லதான் நிக்கிறேன். முரளிதான் கார் ஓட்டிக்கிட்டு வந்தாரு, பாவம், அவருக்கும் இந்த ஒரு நாளுதான் லீவு. அக்கா, இங்க திருவிழா மாதிரி இருக்கு லா! எல்லா நெலத்துலயும் ஆளு! புருசன் குலை வெட்டுறாரு, பொண்டாட்டி மட்டை அடுக்குறாங்க. வாரம் பூராவும் தெப்ரா பேக்டரியில, சிங்கப்பூர்ல வேல. ஞாயித்துக்கெழமதான் நெலத்துக்கு வர்றாங்க. முந்தி நமக்கு லீவு வெள்ளி, சனி. ஞாயிறு வேல நாளு. அப்ப கணக்கெடுக்கறப்ப ஞாயித்துக்கெழமையும் போனோம், பாத்தோம். இப்பதான் நமக்கும் சனி, ஞாயிறுன்னு மாத்திட்டாங்கள்ல. நாம போறப்ப அவங்க இல்ல, அவங்க வர்றப்ப நாம இல்ல. அவ்ளோதான் அக்கா. அவங்க எங்கயும் போகல."

நான் அந்தக் காரில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. கணக்கெடுப்புக்கு நாள் குறித்துக் கையெழுத்துப் போட்டவள் நான். வார விடுமுறை மாறியபோது ஞாயிறு லீவு கிடைத்தது என்று முதல் ஆளாகச் சந்தோஷப்பட்டவளும் நான். என் அழகான வரைபடத்தில் சரிந்தது அந்த மக்களின் உழைப்பு இல்லை, எங்கள் அலுவலக நாட்காட்டி. மணி ஒன்பதே முக்கால். அந்த அறிக்கை மேலே மாடியில் மேசைக்கு மேசை விநியோகமாகிக்கொண்டிருந்தது.

படியேறி ஓடினேன். கூட்டம் தொடங்கும் முன்னால் ஒரு நிமிடம் கேட்டேன். கைப்பேசியை மேசை நடுவில் வைத்து, இவர் எங்கள் கணக்கெடுப்பு மேற்பார்வையாளர், இன்று காலை இறந்துவிட்டார், இது ஞாயிற்றுக்கிழமை அவர் எனக்கு அனுப்பியது என்றேன். அந்த அறையில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவள் பேசினாள். நான் நிறுத்தி நிறுத்தி மலாயில் சொன்னேன். 'திருவிழா மாதிரி இருக்கு லா' என்ற இடத்தில் என் குரல் உடைந்தது, அவள் குரல் உடையவில்லை. நாட்காட்டி விஷயத்துக்கு வந்தபோது இயக்குநர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

செய்தி அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். காரில் அதற்குமேல் கேட்காமல் ஓடி வந்திருக்கிறேன். கைப்பேசியை எடுக்கப் போனேன், அவள் மறுபடியும் பேசினாள். "சரி அக்கா, வெயில் கொளுத்துது, போறேன். நாளைக்கு மத்தியானம் கீழ வந்துருங்க. உங்களுக்குப் புடிச்ச நெத்திலி சம்பால் கொண்டாறேன். கோவத்தச் சாப்பாட்டு மேல காட்டாதீங்க."

இயக்குநர் மெதுவாக, கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்டார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அது வேலை சம்பந்தப்பட்டது இல்லை என்றேன்.

அறிக்கையை அன்று திரும்ப வாங்கிக்கொண்டேன். மறுபடி கணக்கெடுக்க அனுமதி கிடைத்திருக்கிறது. அந்தக் குடும்பங்களுக்குக் கன்று கிடைக்குமா என்று இன்னும் எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல் எழுதவும் மாட்டேன். தனா இருந்தால் விட மாட்டாள். தம்போய் வீட்டில் முரளி என் கையைப் பிடித்துக்கொண்டு, "திங்கக்கெழம சம்பால அப்படியே திருப்பிக் கொண்டாந்துட்டா அக்கா. நீங்க ரொம்ப பிஸின்னு சொன்னா" என்றார். என்னைக் குறைசொல்லி அவள் வீட்டில் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பேசியிருக்கலாம் தனா. நன்றாகத் திட்டியிருக்கலாம்.

சென்ற ஞாயிறு யோங் பெங்குக்கு நானே போனேன். முதல் நிலத்தில் ஒரு கணவனும் மனைவியும் குலைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என்னையும் கைக்கணினியையும் கண்டதும் அந்தப் பெண், "அந்த அக்கா வரலயா? போன தடவ எளநி குடிக்காமப் போயிட்டாங்க, இந்தத் தடவ வெட்டி வச்சிருக்கோம்" என்றாள். சொன்னேன். அவள் அப்படியே மட்டைக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது எது என்று கேட்டால், படிவத்தைக் காட்டுவேன். அதில் இப்போது இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. திரையில் இடம் இருந்தது, எப்போதுமே இருந்தது. ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்விக்கு வரும்போது என் விரல் நின்றுவிடுகிறது. திங்கட்கிழமை காலை, மூன்று பேர் தள்ளி, தனா இருந்தாள். நான் பார்க்கவில்லை.