கோமாவிலிருந்து எழுந்து பைக் ஓட்டியவன்

கோரிமேட்டில் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் டியூட்டி முடிந்த நர்ஸ் ஒருவர், போனில் தொடர்கதை படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எட்டிப் பார்த்தேன். நம் எழுத்தாளர் குழுவில் இருக்கும் மஞ்சு ஒரு கதை ஆப்பில் எழுதுகிற கதை. மாதக்கணக்கில் கோமாவில் கிடந்தவன், காதலியின் கண்ணீர் நெற்றியில் பட்டதும் எழுந்து, அவள் கல்யாணத்தை நிறுத்த பைக்கில் பறக்கிறான்.

எனக்கு வயிறு எரிந்தது. அதே ஆப்பில் நானும் கோமா கதை எழுதியிருக்கிறேன், டாக்டர்களைக் கேட்டுக் கேட்டு.

"சிஸ்டர், இப்படியெல்லாம் நடக்குமா?"

"எங்கக்கா நடக்கும்? அவ்ளோ நாள் படுத்துக் கெடந்தவனுக்கு நிக்கவே கால் வராது."

"அப்புறம் ஏன் அழறீங்க?"

"நான் பாக்கறவங்க நெறைய பேர் எழுந்திரிக்கறதில்லக்கா. இவனாவது எழுந்திரிக்கட்டுமே."

யார் எழுதியது என்று சொல்லாமல், என் கதையைப் படித்தாரா என்று கேட்டேன்.

"ஆரம்பிச்சேன். எல்லாம் கரெக்ட்டா இருந்துச்சு. டியூட்டில இருக்கற மாதிரியே இருந்துச்சா, மூடிட்டேன்."

அதன்பின் அவர் போனையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் இறங்கும்போது என் ஸ்டாப் எப்போதோ போயிருந்தது.

அவன் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தானா? படித்தவர்கள் சொல்லுங்கள். நானே போய்ப் படித்தால் மஞ்சுவுக்கு ஒரு வியூ கூடிவிடும்.