பூஜாங் ஆற்றில் தண்ணீர் இறங்கிய நேரம்

இரண்டு வாரமாக இந்தப் பத்தி வரவில்லை. ஏன் என்று தேக்கா மார்க்கெட்டில் மூன்று பேர் கேட்டார்கள். மூன்றாமவர் கேட்ட தொனியில், வராமலே இருந்தால்கூட அவருக்கு ஆட்சேபணை இல்லை என்று தெரிந்தது. பரவாயில்லை. மூவருக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி மரகதத்துக்குப் பித்தப்பையில் கல். அறுத்து எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். "சாதாரண ஆபரேஷன்தான்" என்றும் சொன்னார்.

அந்தச் 'சாதாரண' என்ற சொல்லைக் கேட்ட நாள்முதல் எனக்குத் தூக்கம் போயிற்று. சாதாரணம் என்றால் அதை எதற்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும்? ஹோட்டலில் இலை போடுகிறவர் "சாதாரணச் சாப்பாடுதான், பயப்படாதீங்க" என்று சொன்னால் நீங்கள் கை நனைப்பீர்களா?

செவ்வாய்க்கிழமை காலையில் ஆபரேஷன். திங்கட்கிழமை அட்மிஷன். அன்று மாலை எட்டு மணிக்குள் கணவன் நேரில் வந்து ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால் அந்த இடம் வேறொரு நோயாளிக்குப் போய்விடும். மறுபடி வரிசை... எத்தனை வாரமோ, எத்தனை மாதமோ. இப்போதே போட்டுவிடுகிறேனே என்று பேனாவை எடுத்தேன். "அட்மிஷன் அன்னைக்குத்தான்" என்றார் நர்ஸ் மிஸ்ஸி. என்னிடம் இரண்டு தடவை சொன்னவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூன்றாவது தடவை மரகதத்திடம் சொன்னார்.

அதன் பிறகு நான் நடக்க ஆரம்பித்தேன். வீட்டுக்குள்தான். செராங்கூன் ரோட்டுக் கடை ஒன்றின் மாடியில் எங்களுக்கு இரண்டு அறைகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு. மேலே மாவு மில் ஏதாவது வைத்திருக்கிறோமா என்று கீழ்க்கடைக்காரர் ஆள் அனுப்பி விசாரித்தார். நடக்காத நேரத்தில் நூலகத்துக்குப் போய் வைத்தியப் புத்தகம் படித்தேன். படித்தவனுக்கு இருக்கும் சௌகரியம் இது. மற்றவர்கள் பொத்தாம்பொதுவாகப் பயப்படுவார்கள். அவன் அத்தியாயம் அத்தியாயமாகப் பயப்படலாம்.

ஐந்தாம் நாள் மரகதம் பொறுமை இழந்தாள்.

"என்னங்க, ஆபரேஷன் எனக்கா, உங்களுக்கா?"

"உனக்குத்தான்."

"அப்ப நீங்க ஏன் நடக்கறீங்க? உங்க மூஞ்சியப் பாத்தாத்தான் எனக்கு பயமா இருக்கு. அந்தக் கெடா பயணத்துக்குக் கூப்புட்டாங்கல்ல, போயிட்டு வாங்க. மூணு நாள் நான் நிம்மதியாத் தூங்கிக்கிறேன்."

"கையெழுத்து?"

"திங்கக்கிழமை சாயந்திரம்தான் ரயில் வந்துருதே. தங்கச்சி கூட வந்து என்னைச் சேத்துவிடுவா. போங்க."

கெடா பயணம் எங்கள் வாசகர் வட்டத்தின் ஏற்பாடு. கெடா என்பது பழைய கடாரம். அங்கே பூஜாங் ஆற்றங்கரையில் ஆயிரம் வருஷத்துப் பௌத்தக் கோயில்களின் இடிபாடுகள் இருக்கின்றன. படகில் போய்ப் பார்த்துவிட்டு, அங்கேயே ஒரு கூட்டமும் நடத்துவது என்று வட்டத்தின் தலைவர் தங்கராசனார் தீர்மானித்திருந்தார். கூட்டம் இல்லாமல் எங்கள் ஆட்கள் ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு வந்ததாக வரலாறு இல்லை. சிறப்புரை அடியேன்.

முடியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சரி என்று சொல்ல அதைவிட வெட்கமாக இருந்தது. சரி என்று சொன்னேன்.

ஆபரேஷன் விஷயத்தை யாரிடமும் மூச்சு விடவில்லை. மனைவியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுச் செங்கல் பார்க்க வந்தவன் என்று பேர் வாங்குவானேன்? இன்னொரு காரணமும் உண்டு. சொன்னால் தங்கராசனார் எனக்கு ஆறுதல் சொல்லி ஓர் உரை ஆற்றுவார்.

ரயில் கணக்கு இதுதான். ஞாயிறு மாலை பிறை ஸ்டேஷனில் ஏறினால் திங்கள் மாலை சிங்கப்பூர். அதை விட்டால் அடுத்தது திங்கள் மாலை. அதில் வந்தால் செவ்வாய் மாலைதான் வந்து சேரலாம். அதற்குள் மரகதத்தை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருப்பார்கள், கல்லோடு.

இந்தக் கணக்கை நான் போகிற வழியெல்லாம் போட்டுக்கொண்டே போனேன். ஒவ்வொரு தடவையும் அதே விடைதான் வந்தது. ஆனாலும் போட்டேன்.

ஞாயிறு காலை மெர்போக் ஆற்றுத் துறையில் ஒரு மோட்டார் படகு. நாங்கள் பன்னிரண்டு பேர். படகுக்காரர் பாக் சாலே ஒரு மலாய்ப் பெரியவர். அவர் பேசும் மலாயை எங்களுக்குத் தமிழில் சொல்ல, செராங்கூன் ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் காதர் பாய் இருந்தார்.

பாக் சாலே கிளம்புவதற்கு முன்னால் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஒண்ணரை மணிக்குப் படகுல இருக்கணுமாம். அப்புறம் தண்ணி இறங்கிரும். சின்ன ஆத்துல படகு தரை தட்டிரும்ங்கறாரு" என்றார் காதர் பாய்.

"தரை தட்டினா?" என்று கேட்டேன்.

"ராத்திரி தண்ணி ஏறுற வரைக்கும் கொசுவுக்குச் சாப்பாடு போடலாம்லா."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மணி பார்த்தேன். எட்டு ஐம்பது.

இரு கரையிலும் பாக்காவ் எனும் அலையாத்தி மரங்கள் சேற்றில் கால்களை அகட்டி நின்றன. எனக்கு நீச்சல் தெரியாது. முதலை உண்டா என்று மெல்லக் கேட்டு வைத்தேன். பாக் சாலே கையை நீட்டி மடக்கி நெடுநேரம் ஏதோ விளக்கினார். காதர் பாய் கவனமாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "ஞாயித்துக்கிழமை வராதாம்" என்றார்.

மெர்போக்கில் வந்து கலக்கும் பூஜாங் ஆறு என்பது கடைசியில் ஒரு வாய்க்கால் அளவுதான் இருந்தது. கரை ஏறிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு கம்பம், மலாய்க் கிராமம். நாலைந்து வீடுகள், தென்னை, வயல். அதன் நடுவே இடிபாடுகள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கோபுரம் இல்லை, தூண் இல்லை. முழங்கால் உயரத்துக்குச் செங்கல் சதுரம் ஒன்று, அதற்குள் இன்னொரு சதுரம். அந்த உள்சதுரத்தில் ஒரு கோழி தன் குஞ்சுகளோடு படுத்திருந்தது. புத்தர் இருந்த இடமாம். அவர் ஆட்சேபித்திருக்க மாட்டார்.

இதைப் பார்க்க எத்தனை நேரம் பிடிக்கும்? பதினைந்து நிமிஷம். ஆனால் இரண்டு தென்னைகளுக்கு நடுவே பேனர் ஏறிவிட்டது. தமிழ் வாழ்த்து. வரவேற்புரை. ரோஜா மாலை ஒன்று ஈரத்துணியில் சுற்றிச் சிங்கப்பூரிலிருந்து ரயிலில் வந்திருந்தது. அது என் கழுத்தில் விழுந்தது. பிறகு தலைமையுரை.

தங்கராசனார் ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா. முப்பது வருஷம் ஆபீசில் பேச விடாமல் வைத்திருந்தார்கள். அந்தப் பாக்கியைத்தான் இப்போது எங்களிடம் தீர்க்கிறார். சோழர் படையை அவர் நாகப்பட்டினத்தில் கப்பலேற்றியபோது மணி பன்னிரண்டேகால். அந்தமான் தாண்டும்போது ஒன்று. இன்னும் கடாரம் வரவில்லை.

பாக் சாலே தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டுக் குந்தியிருந்தார். நான் கடிகாரத்தை விட்டுவிட்டுக் குச்சியைப் பார்க்க ஆரம்பித்தேன். குச்சிக்கும் தண்ணீருக்கும் இடையே முதலில் ஒரு சாண் ஈரச்சேறு. பிறகு ஒரு முழம். சோழர் படை ஏறி வர வர, ஆறு இறங்கிக்கொண்டே போனது.

"பாய், கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கிசுகிசுத்தேன்.

"யாரு, நானா? போன வருஷம் அவரு பேசறப்ப இருமினேன். இன்னும் என் கடைப்பக்கம் வர்றதில்ல."

என்ன செய்வது? பார்க்க வந்ததையாவது பார்ப்போம் என்று செங்கலைப் பார்த்தேன். சோழர் வந்தது, வென்றது எல்லாம் இருக்கட்டும். இந்தச் சதுரத்தைக் கட்டியவர்கள் யார்? படைவீரர்களாக எனக்குத் தோன்றவில்லை. வியாபாரிகளாக இருக்க வேண்டும். ஒரு காற்றில் வந்து, அடுத்த காற்று திரும்புகிறவரை மாதக்கணக்கில் இங்கே காத்துக் கிடந்தவர்கள். வீட்டில் விட்டுவந்தவள் எப்படி இருக்கிறாளோ, பிரசவம் ஆயிற்றோ, காய்ச்சல் தணிந்ததோ... கடிதம் உண்டா, தந்தி உண்டா? எத்தனை தூரம் நடக்க முடியும்? கொஞ்ச நாள் நடந்து பார்த்திருப்பார்கள். பிறகு செங்கல் அடுக்கியிருப்பார்கள். பெருமைக்காகக் கட்டியதென்று தலைவர் பேசிக்கொண்டிருந்தார். பயத்தில் கட்டியது என்று எனக்குப் பட்டது. பயந்தவனுக்குத்தான் தெரியும்.

ஒன்று நாற்பதுக்குத் தலைமையுரை முடிந்தது. "இப்போது நம் எழுத்தாளர் ஒரு மணி நேரம் உங்களைச் சிரிக்க வைப்பார்" என்றார்.

எழுந்தேன். என் பையில் பதினெட்டுப் பக்கம் இருந்தது. "பெரியோர்களே, இந்தக் கோயிலைக் கட்டினவங்களுக்கு இருந்த கவலை ஒண்ணே ஒண்ணுதான், நல்லபடியா வீடு போய்ச் சேரணும். எனக்கும் அதேதான். வணக்கம்" என்று சொல்லிவிட்டுப் படகைப் பார்த்து நடந்தேன்.

நகைச்சுவை என்று நினைத்துக் கை தட்டினார்கள். ஆனால் பின்னாலேயே வந்தார்கள். நன்றியுரைக்காரர் மட்டும் தாளை மடிக்காமல் படகில் உட்கார்ந்து படித்தார். பேனர் கொடுத்த புண்ணியவானுக்கு நன்றி சொல்லி, மாலைக்காரருக்கு வந்தபோது, படகு சப்பென்று சேற்றில் உட்கார்ந்தது. மோட்டார் உறுமிற்று. சேறு பொங்கிற்று. நகரவில்லை.

பெரிய ஆறு எதிரிலேயே தெரிந்தது. ஐம்பது அடி இருக்கும்.

பாக் சாலே மோட்டாரை நிறுத்திவிட்டு மிக அமைதியாக இரண்டு வார்த்தை சொன்னார். அவர் கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போலிருந்தது.

"ஒண்ணு, எல்லாரும் இறங்கித் தள்ளணும். இல்ல, ராத்திரி வரைக்கும் உக்காந்திருக்கணும்" என்றார் காதர் பாய்.

பன்னிரண்டு வெள்ளை வேட்டிகளும் சேற்றைப் பார்த்தன. சேறும் எங்களைப் பார்த்தது. "உக்காந்திருப்போமே, என்ன அவசரம்? மீதிப் பேச்சையும் கேக்கலாம்" என்றது ஒரு குரல்.

அப்போது என் வாய் தன்னால் திறந்துகொண்டது.

"நாளைக்கு என் சம்சாரத்தை ஆஸ்பத்திரியில சேக்கறாங்க. மறுநாள் ஆபரேஷன். நான் போய்க் கையெழுத்துப் போடலன்னா செய்ய மாட்டாங்க."

குரல் நடுங்கிவிட்டது. சிரிப்பு மூட்டிப் பிழைக்கிறவனுக்கு இதைவிடக் கேவலம் இல்லை. கழுத்தில் மாலை வேறு.

தங்கராசனார் என்னைப் பார்த்தார். "ஏன்யா, காலையிலயே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருந்தேனே" என்றார். பிறகு மேல்துண்டை மடித்துப் பலகையில் வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் காதர் பாயிடம் கொடுத்தார். வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, அறுபது வயதுக்கு மேல் ஆன அந்த மனிதர் தொடை வரை சேற்றில் இறங்கினார். உரை எதுவும் இல்லை.

அவர் இறங்கிய பிறகு எவன் உட்கார்ந்திருப்பான்? முதலையை மறந்து நானும் இறங்கினேன். ஐம்பது அடி தள்ள முக்கால் மணி நேரம் ஆயிற்று. காதர் பாயின் ஒரு செருப்பு இன்னும் பூஜாங் ஆற்றில்தான் இருக்கிறது. எதிர்கால ஆராய்ச்சியாளர்கள் குழம்பாமல் இருக்க இங்கே பதிவு செய்கிறேன்.

பிறரைத் தொந்தரவு செய்யக் கூடாதென்றுதான் நம்மில் பலர் கவலையை உள்ளேயே வைத்துக்கொள்கிறோம். கடைசியில் அது பதினோரு பேரைச் சேற்றில் இறக்கிவிடுகிறது. காலையில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சோழர்கள் அந்தமானிலேயே திரும்பியிருப்பார்கள்.

ரயில் நகர ஆரம்பித்த பிறகுதான் ஏறினோம். வேட்டியில் சேறு காய்ந்து மடமடத்தது. எதிர் சீட்டில் இருந்தவர்கள் வேறு பெட்டிக்குப் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை ஏழு மணி சொச்சத்துக்கு வார்டுக்குள் நுழைந்தேன். மிஸ்ஸி என் காலைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார், பிறகு பாரத்தைக் கொடுத்தார். அச்சடித்ததை முழுக்கப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை. நல்ல வேளை, யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

மரகதம் கட்டிலில் தலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று நாள் தூங்கிய தெளிவு முகத்தில். நடந்ததை எல்லாம் சொன்னேன். தங்கராசனார் சேற்றில் நின்ற இடத்தில் சிரித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நான் இல்லாதபோது அவளுக்குப் பயமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை தள்ளுவண்டி வந்தது. கதவு வரை கூடவே போனேன். அதற்கு மேல் விடமாட்டார்கள். அப்போது என் விரலைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்றிருந்தது.

"என்னங்க..."

"சொல்லு."

"அந்தக் கோயிலைக் கட்டினவங்க... எல்லாரும் வீடு போய்ச் சேந்தாங்களா?"

இந்த விஷயத்தில் எழுதப்பட்டதை எல்லாம் ஓரளவு படித்தவன் நான். அது யாருக்கும் தெரியாது. எந்தக் கல்லிலும் இல்லை.

"சேந்துட்டாங்க. ஒருத்தர் விடாம" என்றேன்.

வண்டி உள்ளே போயிற்று.

ஆதாரம் எங்கே என்று வாசகர் வட்டத்தில் யாராவது கண்டிப்பாகக் கேட்டு எழுதுவார்கள். இதோ ஆதாரம்: போன வெள்ளிக்கிழமை மரகதம் வீட்டுக்கு வந்துவிட்டாள்.