குதிரைக்கு வழிவிட்ட லோர்னா ஸ்டக்கி

எங்கள் சலினா நகரில் மேயரின் அதிகாரம் நகர மன்றத்தோடு முடிந்துவிடும். நெடுஞ்சாலையோரத்துப் பான்கேக் கடையில் யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் லோர்னா ஸ்டக்கி அம்மையார். வயது ஐம்பத்தெட்டு. பதினேழு வருடமாக மெனு அட்டைகளை மார்போடு அணைத்தபடி அந்த வாசலில் நிற்கிறார். யாராயிருந்தாலும் அவருக்குக் 'கண்ணு'தான், போதகரும் விலக்கல்ல.

உணவகத்துக்குள் நாய்க்கு இடமில்லை, உடல்குறையுள்ளவருக்கு உதவப் பழக்கிய நாய்க்கு மட்டும் உண்டு. நாயோடு வருபவரிடம் கடைக்காரர் இரண்டே கேள்விதான் கேட்கலாம் என்பது சட்டம். உடல்குறைக்காகத் தேவைப்படும் நாயா? என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறீர்கள்? சான்றிதழ் கேட்கக் கூடாது. என்ன நோய் என்று கேட்கவே கூடாது. போன வசந்தத்தில் அம்மையார் ஒருவரிடம், "உனக்கு என்ன கண்ணு பண்ணுது?" என்று பாசமாகக் கேட்டுத் தொலைத்தார். புகார் போயிற்று. இன்னொரு புகார் வந்தால் வேலை இல்லை என்று மேலாளர் டுவைட் எழுத்திலேயே கொடுத்துவிட்டார். அதன்பின் அம்மையார் அந்த இரண்டு கேள்விகளைக் குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தாராம்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு. தேவாலயம் விட்ட கூட்டம். டிராக்டர் விற்கும் மெர்வின் ப்ளங்கெட் தன் சப்பை மூக்குப் பக் நாயோடு வந்தார். நாய்க்குச் சிவப்புச் சட்டை, கழுத்தில் புகைப்பட அடையாள அட்டை. மெர்வினின் ஓட்டுநர் உரிமத்தில் அவரே அவ்வளவு லட்சணமாக இல்லை.

"உடல்குறைக்காகத் தேவைப்படற நாயா, கண்ணு?"

"ஆமா. அட்டையப் பாரு, இணையத்துல வாங்கினேன்."

"அட்ட வேணாம். என்ன வேலைக்குப் பழக்கியிருக்கீங்க?"

மெர்வின் யோசித்தார். "என் மேல பிரியமா இருக்கும். பக்கத்துல இருந்தா மனசுக்கு ஆறுதல்."

"அது வேலையில சேராது கண்ணு. என் வீட்டுக்காரரும் முப்பது வருஷமா அதத்தான் பண்றாரு."

மன ஆறுதலுக்கான பிராணிக்கு வாடகை வீட்டில் உரிமை கோரலாம், உணவகத்தில் முடியாது. மெர்வின் மேலாளரைக் கூப்பிடச் சொல்லிக் குரலை உயர்த்தியபோது, அவருக்குப் பின்னால் ரோஸலி ஹேங்க்ஸ் வந்து நின்றார். கறுப்புக் கண்ணாடி. கையில் பட்டை. பட்டையின் மறுமுனையில் இடுப்புயரக் குதிரை.

"பார்வை இல்லாததால இது வேணும். தடை இருந்தா நிக்கும், படி வந்தா காட்டும்," என்றார், கேட்பதற்கு முன்பே.

"தரையில அசிங்கம் பண்ணாதுல்ல, கண்ணு?"

"இங்க வர்ற ஆம்பளைங்களவிடச் சுத்தம்."

டுவைட் வந்தார். "என்னது இது?"

"குதிர, சார். சட்டத்துல குட்டைக் குதிரைக்கும் எடம் இருக்கு. வழி அகலமா இருந்து, அசிங்கம் பண்ணாம இருந்தா விட்டாகணும்."

டுவைட் அம்மையாரின் காதருகே குனிந்தார். "வெளிய அனுப்பு. இல்லன்னா நாளைக்கு நீ வர வேணாம்."

அம்மையார் மார்போடு இருந்த அட்டைகளில் ஒன்றை உருவினார். பிறகு, "ஜன்னலோர மேசை, வழி தாராளம். வாங்க கண்ணு," என்று நடந்தார். பதற்றத்தில் ரோஸலியிடம் மெனுவை நீட்டிவிட்டார். சட்டென்று திரும்ப வாங்கி, நின்றபடியே முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினார். மெர்வின் நாயை வீட்டில் விட்டுவந்து, குதிரை தெரிகிற இடமாகக் கேட்டு உட்கார்ந்தார். டுவைட் தலைமை அலுவலக வழக்கறிஞரைத் தொலைபேசியில் பிடித்தார். டுவைட் பக்கத்திலிருந்து எங்களுக்குக் கேட்டதெல்லாம் ஐந்து 'சரிங்க'.

திங்கட்கிழமை அம்மையார் ஆறு மணிக்கே வந்து, கோட்டைக் கழற்றாமல் பணிப் பட்டியலைப் பார்த்தார். பெயர் இருந்தது. கிறிஸ்துமஸ் வரை, கூட்டம் நெரியும் எல்லா ஞாயிறுகளும் அவருக்கே, டுவைட்டின் கையெழுத்தில். அதைத் தடுக்கிற சட்டம் மட்டும் இல்லை என்று, தேடிப் பார்த்துவிட்டு, எங்களிடம் சொன்னார்.