நான் அரைத்த வால்வுகள்

ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த சந்தில் எங்கள் வீட்டு வாசலில் மட்டும்தான் கார் நின்றது. அது என் கணவர் ஓட்டிய பழைய டாக்சி. அறுபதுகளின் கடைசி அது. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் வண்டிக்கு இழுவை குறைந்தது. அவர் எஞ்சினில் தீப்பொறி விழும் நேரமான டைமிங்கை மாற்றிவிட்டு, வண்டியைக் கிளப்ப முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்றினார். எஞ்சின் எதிர்ப்பக்கமாக உதைத்ததில் வலது மணிக்கட்டு ஒடிந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தவர் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். வால்வு தீய்ந்திருக்கும், பிரித்துத் தேய்த்தால் போதும், கைதான் இல்லை என்று முனகினார். எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“நீ குந்திகினு சொல்லுய்யா. நான் செய்றேன்” என்றேன்.

“இது இன்னா கொழம்பு வைக்கிற வேலையாமே?”

“கொழம்பும் மொத தபா எனக்கு வரலியே.”

அவர் சிரித்துவிட்டார். விபத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்.

மறுநாள் காலை பானட்டைத் திறந்தோம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் நட்டுகளைக் கழற்றி, பழைய புடவை ஒன்றில் வரிசையாக வைத்தேன். எஞ்சினின் மேல்பாகத்தை இரண்டு பேருமாக மூன்று கைகளால் தூக்கி வைத்தோம். கரியைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவினேன். சொரசொரப்பான பேஸ்ட்டைத் தடவி, ரப்பர் பிடி கொண்ட குச்சியை வால்வில் ஒட்டவைத்து, மோர் கடைவதுபோல உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட வேண்டும். தண்ணீர் பிடிக்கப் போன பெண்கள் குடத்தை இறக்கிவைத்து வேடிக்கை பார்த்தார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர்கள் நிற்பதே மறந்துபோயிற்று.

மண்ணெண்ணெய் ஊற்றிச் சோதித்தபோது ஒரு வால்வில் மட்டும் கசிந்தது. சோர்வாக இருந்தாலும் அதை மறுபடி உருட்டினேன். அப்புறம் ஒரு சொட்டும் இறங்கவில்லை.

எல்லாவற்றையும் பூட்டி டைமிங்கையும் சரிசெய்த பிறகு, ஹாண்டிலை என்னிடம் கொடுக்க அவர் பயந்தார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடலாம் என்றார். நான் விடவில்லை.

“கட்டை விரல மடக்காத. மேல மட்டும் இஸு. கீய அமுக்காத” என்றார்.

நாலைந்து தடவை இழுத்தேன். எஞ்சின் இருமிவிட்டு அடங்கியது. அடுத்த இழுப்பில் பிடித்துக்கொண்டு சீராக ஓடியது. சந்துப் பெண்கள் கைதட்டினார்கள். அவர் இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கட்டுப் பிரித்து, கை தேறியதும் எண்ணூர்க் கடலுக்குப் போனோம். திருவொற்றியூர் தாண்டும்போது, எஞ்சினில் மெல்ல டிக் டிக்கென்று கேட்கிறது என்றேன். அவர் காதைத் தீட்டிக் கேட்டார். வால்வைத் தள்ளும் டேப்பட் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, நீ சொன்னது சரிதான் என்றார்.

கடற்கரையில் நிறுத்தி, எஞ்சின் ஆறும்வரை அலையில் கால் நனைத்தோம். பிறகு டேப்பட் இடைவெளியை அளந்து பார்க்கும் மெல்லிய தகட்டை அவர் வைத்துக்கொண்டு, ஸ்பேனரை என்னிடம் நீட்டினார்.