உட்கருவைச் சுற்றி ஒரு பச்சை வளையம்

ஆம்பூர் ஷூ தொழிற்சாலையில் தையல் மெஷின் ஓட்டும் ஞானசுந்தரிக்கு, மகள் ஜெனிஃபா வேலூரில் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று கடைசிவரை பிடிபடவில்லை. விஷயம் இதுதான்: செல் இரண்டாகப் பிரியும்போது அதன் உட்கருவின் உறை கலைந்துபோகிறது. பிறகு தானாகவே திரும்பக் கட்டிக்கொள்கிறது, துளைகள் உட்பட. அதைக் கண்ணால் பார்த்துப் படம் எடுப்பதுதான் ஜெனிஃபாவின் வேலை. இரண்டு வருடமாக ஒரு படமும் எடுத்தபாடில்லை.

2004 மே மாதம் பூஞ்சை பிடித்துச் செல்களெல்லாம் பாழாகி, செல் வளர்க்கும் தட்டு ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதுவும் போனால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு, அம்மாவின் தொழிற்சாலை ஆபீசில் மேனேஜர் முனீர் அகமது பாய் அவளுக்காகப் பிடித்துவைத்திருந்த நாற்காலியில் போய் உட்கார வேண்டியதுதான். அந்தத் தட்டை அவள் கையில் எடுத்தபோது, பாய்க்குப் பதில் சொல்ல ஒரே நாள்தான் பாக்கி.

மருந்து கொடுத்துச் செல்களைப் பிரியும் நடுவில் நிறுத்தலாம். மருந்தைக் கழுவிவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். கழுவினாள். துளைகளில் சேரும் புரதம் பச்சையாக ஒளிரும்படி முன்பே செய்திருந்தாள். உறை கட்டினால் வளையம் தெரிய வேண்டும். மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தும் அந்தப் பச்சை, செல் முழுக்கச் சிதறியே கிடந்தது.

"போச்சும்மா, செத்திருக்கும்" என்றார் பேராசிரியர் சுந்தர்ராஜ்.

மறுபடி கழுவிப் பார்ப்போமென்று ஃப்ரிஜ்ஜிலிருந்து கழுவும் திரவப் பாட்டிலை எடுத்தவள், கை சில்லிட்டதும் அப்படியே நின்றாள். அக்னி வெயிலில் குடிதண்ணீர் முதல் மல்லிகைப்பூ வரை ஃப்ரிஜ்ஜில் திணிக்கும் ஊர்ப் புத்தி! சூடாக்காமல் அப்படியே ஊற்றித் தொலைத்திருக்கிறாள். தலைக்கு மேல் ஏசி வேறு. உடம்புச் சூட்டில் வாழ வேண்டிய செல்கள் குளிரில் முடங்கிக் கிடந்தன.

"ஏசிய நிறுத்துங்க சார்! ஜன்னலத் திறங்க!"

"இந்த வெயில்லயா? இன்னாம்மா சொல்ற?"

திறந்தார். ஊரே திட்டித் தீர்க்கும் வெயில் உள்ளே வந்தது.

சாரின் சட்டை தொப்பலாக நனைந்த நேரத்தில் குரோமோசோம்கள் இரு பக்கமும் பிரிந்தன. சிதறியிருந்த பச்சை அவற்றை நோக்கிக் கூடியது. முதலில் திட்டுத் திட்டாக, பிறகு ஓரமாக, பிறகு முழு வளையமாக. சவ்வு வந்து போர்த்திக்கொள்ள, துளைகள் அதில் பொருந்திவிட்டன. அவற்றின் வழியே வேண்டியதை உள்ளிழுத்துப் புது உட்கருக்கள் இரண்டும் உப்பத் தொடங்கின.

"படம்?"

"கேமரா ஓடிட்டேதான் இருக்கு சார்." அப்பாடா என்று சுவரில் சாய்ந்து சிரித்தாள்.

சாயங்காலம் காலேஜ் வாசல் பூத்திலிருந்து வீட்டுக்குப் போன் போட்டாள்.

"ம்மா, படம் வந்துடுச்சும்மா! முனீர் பாய்கிட்ட வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடு."

"அத நேத்தே சொல்லிட்டேன்டி" என்றாள் ஞானசுந்தரி.