செவ்வாய்க்கிழமை மடை

“செவ்வாய். மடை திறந்தது. கூத்தாடி செத்தது.” அம்மாவின் பழைய நோட்டில் உள்ள குறிப்பு இது. இன்று காலை, கழக்கூட்டம் என்ற ஊரில் உள்ள என் ஃபிளாட்டில், பூந்தொட்டித் தட்டுகளில் தேங்கிய நீரைக் கொட்டினேன். எழுந்த சேற்று மணம் என்னை வெள்ளாயணி ஊரில் இருந்த எங்கள் வயலுக்கே கொண்டுபோனது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒரே மழைக்காலத்தில் இரண்டு முறை மலேரியா வந்து படுத்திருந்தேன். அம்மா எங்கள் வயலில் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு அப்பாவிடம் நீட்டினாள். கொசுவாகப்போகும் கூத்தாடிகள் அதில் நெளிந்தன.

“வாரம் ஒரு நாள் வயல் காயணும். மடையத் திறங்க.”

“பயிரு வாடிப்போகும், கேட்டியா?”

“பயிரு வாடினா வேற நடலாம். புள்ளைய வேற நட முடியுமா?”

அப்பா மடையைத் திறந்து நீரை வடியவிட்டார். பக்கத்து வயல்காரர் செல்லையா மாமா வரப்பில் நின்று சிரித்தார்: “என்ன மச்சான், நெல்லு நட்டிருக்கியா, அப்பளம் காயப்போட்டிருக்கியா?”

செவ்வாய்தோறும் சேறு இறுகும்வரை வயல் காய்ந்தது. புதன்கிழமை மறுபடி நீர் பாய்ந்தது. பயிர் வாடவில்லை, முன்னைவிட நன்றாகக் கிளைத்துத் தூர் கட்டியது. எனக்கும் குளிர்காய்ச்சல் திரும்பவில்லை. கதிர் வருமுன்பே ஒரு செவ்வாயன்று மாமாவும் மண்வெட்டியோடு வந்து தன் மடையைத் திறந்தார். அம்மா வேலையைப் போட்டுவிட்டு வரப்புக்கே போனாள்.

“என்ன அண்ணே, அப்பளம் நல்லாக் காயுதா?”

வயல் முழுக்கச் சிரிப்பு.

என்னைக் காப்பாற்றியது மடையா, ஆஸ்பத்திரி மாத்திரையா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. அம்மாவின் நோட்டில் மாத்திரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.